மௌனம் அவருக்குத் தாய்மொழி

பேசத் தெரிந்தவர்கள் பல கோடி. பேசாமலே தம் உள்ளத்தைப் பிறருக்கு உணர்த்தத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அந்த ஆற்றல் சிலருக்குப் பிறவியோடு வரும். சிலருக்குப் பயிற்சியால் வரும். இன்னும் சிலருக்கோ, வீட்டில் வேறு வழியில்லை என்னும் நிலையால் வந்து சேரும். இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்த ஒருவரின் வாழ்க்கையை வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1895ஆம் ஆண்டு தோன்றிய திரைப்படம் ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலம் வாய் திறக்கவில்லை. அதனை 'ஊமைப்படம்' என்றே நம் முன்னோர் அழைத்தனர். நடிகரின் முகமும் கைகளும் உடலசைவுமே அங்கு வசனம். இடையிடையே எழுத்து அட்டைகள் ஓரிரு வாக்கியங்களைத் தாங்கி வரும். அம்மௌன யுகத்தில் சார்லி சாப்ளின் உலகைச் சிரிக்கவும் அழவும் வைத்தார். பஸ்டர் கீட்டன் வியப்பில் ஆழ்த்தினார். அவர்களோடு ஒப்ப வைத்து எண்ணப்பட்ட மற்றொருவர் லான் சேனி. 'ஆயிரம் முகம் கொண்ட மனிதர்' என்பது அவருக்கு வழங்கிய பட்டம்.

மற்றவர்கள் படக்கருவியின் முன்னே நிற்பதற்காக மௌனத்தைக் கற்றுக்கொண்டனர். சேனிக்கோ மௌனம் தாய்மொழி. இது அழகுக்காகச் சொல்லும் சொல் அன்று. சொல்லுக்குச் சொல் உண்மை.

ஏழு மாணவர்களும் ஒரு வாடகை வீடும்

அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியில், ராக்கி மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர் கொலராடோ ஸ்பிரிங்ஸ். கொலராடோ ஒரு மாநிலமாக ஆவதற்கு முன்பே அங்கே வந்து குடியேறியவர் ஜோனத்தன் கென்னடி என்பவர். அவருடைய பிள்ளைகளுள் மூவருக்குக் காது கேளாது. அவ்வட்டாரத்தில் அத்தகைய குழந்தைகளுக்குப் பள்ளி எதுவும் இல்லை.

அவர் விதியை நொந்துகொண்டு வாளாவிருக்கவில்லை. பிள்ளைகளை வீட்டின் பின்கட்டில் மறைத்து வைக்கவும் இல்லை. 1874ஆம் ஆண்டு, ஒரு வாடகை வீட்டில் காது கேளாதோருக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். முதலில் சேர்ந்த மாணவர்கள் 7 பேர். அவர்களுள் மூவர் அவருடைய பிள்ளைகளே! அன்று ஏழு பேருடன் தொடங்கிய அந்தப் பள்ளி, காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் உரிய கல்விக்கூடமாக வளர்ந்து, 150 ஆண்டுகளைக் கடந்து இன்றும் நடைபெற்று வருகிறது. ஒரு தந்தையின் கவலை ஊருக்கே பயன்பட்ட வரலாறு இது.

கென்னடியின் காது கேளாத மகள் எம்மா, தம்மைப் போன்றே காது கேளாதவரான ஃபிராங்க் சேனி என்பவரை மணந்தார். ஃபிராங்க் முடிதிருத்தும் தொழில் செய்து குடும்பத்தைக் காத்தவர். இவ்விருவருக்கும் 1883ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பிறந்தவரே லான் சேனி. மகனுக்குக் காது நன்கு கேட்டது, பேச்சும் வந்தது. ஆயினும் வீட்டில் அவருக்குத் தேவைப்பட்ட மொழி கைகளின் மொழியே.

அக்காலச் சூழலையும் இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். சேனி பிறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1880இல், இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி குறித்த பன்னாட்டு மாநாடு ஒன்று கூடியது. சைகை மொழியை விடுத்து, உதட்டசைவைக் கொண்டு பேசப் பழக்கும் முறையையே பள்ளிகள் பின்பற்ற வேண்டும் என்று அம்மாநாடு தீர்மானித்தது. அதன் விளைவாகப் பல நாடுகளின் பள்ளிகளில் சைகை மொழி ஒதுக்கப்பட்டது. கைகளால் பேசிய குழந்தைகள் கண்டிக்கப்பட்டனர். அத்தீர்மானத்துக்கு அதே மாநாட்டின் வழிவந்த அமைப்பு முறைப்படி வருத்தம் தெரிவிப்பதற்கு 2010ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது! உலகம் இழிவாகக் கருதத் தொடங்கிய அந்த மொழியிலேயே லான் சேனி தம் பெற்றோரின் அன்பைப் பெற்றார்.

தாயின் படுக்கையருகே

சேனி சிறுவராக இருந்தபோது, அவருடைய தாயார் கடுமையான மூட்டுவாத நோயால் படுத்த படுக்கையானார். காதும் கேளாது, கைகளும் வலியால் முடங்கிய நிலை. சைகை மொழிக்குக் கையே வாய் அல்லவா! அந்தக் கைகளும் ஓய்ந்துவிட்டால் தாயின் நிலை என்னாகும்?

நான்காம் வகுப்போடு சேனியின் பள்ளிப்படிப்பு நின்றது. தாய்க்குப் பணிவிடை செய்வதும் தம்பி தங்கையரைக் கவனிப்பதும் அவருடைய கடமைகளாயின. வெளியே சென்று வரும்போதெல்லாம் ஊரில் கண்டவற்றைத் தாயின் முன் நடித்துக் காட்டுவார். கடைக்காரர் எவ்வாறு நடந்தார், அண்டை வீட்டார் எவ்வாறு சினந்தார் என்பவற்றையெல்லாம் முகத்தாலும் தோளாலும் நடையாலும் காட்டுவார். வெளியுலகைக் காண இயலாத தாய்க்கு அந்த மகனே சாளரமானார்.

தாயின் முகத்தில் புன்னகை மலர்ந்தால் நடிப்பு பலித்தது என்று பொருள். மலராவிட்டால் மீண்டும் செய்ய வேண்டும். இதைவிடக் கடுமையான நடிப்புப் பள்ளி வேறு எங்கே உண்டு? பின்னாளில் கோடிக்கணக்கானோர் கண்டு கலங்கிய கலை, ஒரு நோயாளித் தாயின் கட்டில் ஓரத்தில் பயின்றது.

மேடையிலிருந்து திரைக்கு

வளர்ந்தபின் ஊரின் நாடக அரங்கில் எடுபிடி வேலை செய்தார்; சுவர்த்தாள் ஒட்டும் தொழிலையும் கற்றார். 1902 அளவில் நாடக மேடை ஏறி, ஊர் ஊராகச் செல்லும் குழுக்களில் ஆடியும் நகைச்சுவை செய்தும் பிழைத்தார். அப்போது கிளீவா கிரெய்ட்டன் என்னும் இளம் பாடகியை மணந்தார். 1906இல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. கிரெய்ட்டன் என்று பெயரிட்டனர்.

இல்லறம் இனிக்கவில்லை. கருத்து வேற்றுமையும் வறுமையும் குடும்பத்தைக் குலைத்தன. 1913ஆம் ஆண்டு ஏப்ரலில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கணவர் பணிபுரிந்த நாடக அரங்கிலேயே கிளீவா தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். உயிர் பிழைத்தது, ஆனால் அவருடைய இனிய பாடும் குரல் என்றென்றைக்குமாக அழிந்தது. மணவாழ்வு முறிந்தது. செய்தி பரவி, சேனிக்கு நாடக உலகில் இடம் இல்லாமற் போயிற்று.

வேறு வழியின்றியே அவர் படத் தொழிலுக்கு வந்தார். யூனிவர்சல் நிறுவனத்தில் சிறு சிறு வேடங்கள் ஏற்றார். மகனோ பிறர் பராமரிப்பில் வளர்ந்தான். 1915இல் ஹேசல் ஹேஸ்டிங்ஸ் என்பவரைச் சேனி மறுமணம் செய்த பின்னரே சிறுவனுக்கு ஒரு வீடு கிடைத்தது.

பல ஆண்டுகள் உழைத்த பின் வாரம் 125 டாலர் ஊதியம் கேட்டார். வாரம் 100 டாலருக்கு மேல் நீர் ஒருபோதும் பெறமாட்டீர் என்று விடை கிடைத்தது. சேனி வெளியேறினார். வேலையின்றி அலைந்தார், ஆனால் மனம் தளரவில்லை.

திருப்பம் தந்த ஆண்டு 1919. ஜார்ஜ் லோன் டக்கர் இயக்கிய 'தி மிராக்கிள் மேன்' என்னும் படத்தில், கைகால் முடங்கியவனாக நடித்து ஊரை ஏமாற்றும் 'தவளை' என்னும் வஞ்சகன் வேடம் அவருக்குக் கிடைத்தது. பெரியவர் ஒருவர் முன்னிலையில் அவன் மண்ணில் ஊர்ந்து வந்து, முறுக்கிய உறுப்புகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி எழுந்து நிற்கிறான். அது வஞ்சக நாடகம். அதனைக் கண்ட உண்மையான ஊனமுற்ற சிறுவன் ஒருவனோ, ஊன்றுகோலை எறிந்துவிட்டு மெய்யாகவே நடந்து வருகிறான். வஞ்சகர்கள் திகைத்து நிற்கின்றனர். இப்படத்தின் சில துண்டுகளே இன்று எஞ்சியுள்ளன. ஆயினும் அந்தத் துண்டுகளுக்குள் 'தவளை' நிமிரும் காட்சியும் தப்பிப் பிழைத்திருக்கிறது.

வலியை விலையாகக் கொடுத்தவர்

அதன்பின் சேனி ஏற்ற வேடங்கள் ஒன்றையொன்று விஞ்சின. அக்காலத்தில் ஒப்பனைக்கெனத் தனிக் கலைஞர்கள் பெரும்பாலும் இல்லை. நடிகர்கள் தாமே செய்துகொள்வர். சேனியிடம் ஒரு சிறிய பெட்டி இருந்தது. பஞ்சு, பசை, மெழுகு, வண்ணக் குழம்பு, பொய்ப்பற்கள், மயிர்க்கற்றை முதலிய எளிய பொருள்களே அதனுள் இருந்தன. அவற்றைக் கொண்டு கிழவராகவும் கிழவியாகவும் கடற்கொள்ளையராகவும் கோமாளியாகவும் மாறினார். 1929இல் வெளிவந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் 14ஆம் பதிப்பில் ஒப்பனை பற்றி எழுதியவரும் நான்காம் வகுப்போடு படிப்பை விட்ட இவரே!

1920இல் வெளிவந்த 'தி பெனால்ட்டி' படத்தில் இரு கால்களும் துண்டிக்கப்பட்டவனாக நடித்தார். படக்கருவித் தந்திரம் எதுவும் இல்லை. முழங்கால்களை மடித்துக் கணுக்கால்களைப் பின்தொடையோடு இறுகக் கட்டி, முழங்கால்களைத் தோற்கிண்ணங்களுக்குள் நுழைத்து, அவற்றின் மேலேயே நடந்தார். குருதியோட்டம் தடைப்படுமாதலால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கட்டை அவிழ்த்தாக வேண்டும். வலி அவருக்குப் புதிதன்று. வலியோடு வாழ்ந்த தாயைப் பார்த்தே வளர்ந்தவர் அல்லவா!

1923இல் வந்தது 'தி ஹஞ்ச்பேக் ஆஃப் நாட்டர்டாம்'. விக்டர் ஹியூகோ 1831இல் எழுதிய புகழ்பெற்ற புதினத்தின் படவடிவம் இது. பாரிசு மாதா கோயிலின் மணியடிக்கும் கூனன் குவாசிமோடோவாகச் சேனி நடித்தார். முதுகில் கனத்த கூனைச் சுமந்து, ஒரு கண்ணை மூடி, உயர்ந்த கோயில் முகப்பில் தாவி ஏறினார். பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு. குவாசிமோடோ கூனன் மட்டும் அல்லன். மணியோசையால் செவி இழந்தவனும் ஆவான். காது கேளாப் பெற்றோரின் மகன், உலகத் திரையில் காது கேளாதவனாக நின்றார்! ஊரார் முன்னிலையில் கட்டி வைத்துச் சவுக்கால் அடிக்கப்படும் அவனுக்கு ஓர் ஏழைப் பெண் தண்ணீர் தருகிறாள். அப்போது அந்தக் கோர முகத்தில் தோன்றும் நன்றியுணர்வு, எந்த ஒப்பனைப் பெட்டியிலிருந்தும் எடுக்கக் கூடியதன்று.

1925இல் 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஆபரா' வெளிவந்தது. இசையரங்கின் நிலவறையில் முகமூடியணிந்து வாழும் ஒருவன். அவன் அறியாதவாறு பின்னால் வந்து ஒரு பெண் அம்முகமூடியைப் பறிக்கிறாள். மண்டையோட்டை ஒத்த அந்த முகம் திரையில் திடீரெனத் தோன்றும் காட்சி இன்றளவும் பேசப்படுகிறது. படம் வெளிவரும் வரை அம்முகத்தை விளம்பரங்களில் காட்டாமல் மறைத்து வைத்திருந்தனர்.

அங்கக் குறையை அச்சப் பொருளாக்கிக் காசு சேர்த்த படங்கள் இவை என்று குறை கூறுவோர் உண்டு. அதனை முற்றிலும் மறுத்தல் இயலாது. குறையுடையோரைக் கொடியோராகவே காட்டும் பழக்கம் அக்காலக் கதைகளில் மலிந்திருந்தது. சேனியின் படங்களும் அதற்கு விலக்கல்ல. ஆயினும் அவர் அவ்வேடங்களுக்குள் மறவாது வைத்த ஒன்று உண்டு. சமூகத்தின் கடைக்கோடியில் தள்ளப்பட்டவர்களிடத்தும் தம்மையே ஈகம் செய்யும் உயர்குணம் இருக்கக்கூடும் என்பதை மக்களுக்கு நினைவூட்ட விரும்பியதாக அவரே எழுதியிருக்கிறார். அவருடைய அருவருப்பான முகத்தைக் கண்டு அலறியவர்கள், படம் முடியும்போது அம்முகத்துக்காகவே கண்ணீர் விட்டனர்.

முகமூடிக்குப் பின்னால்

திரையில் ஆயிரம் முகம் காட்டியவர், வெளியில் தம் சொந்த முகத்தைக் காட்ட விரும்பவில்லை. கேளிக்கை விருந்துகளைத் தவிர்த்தார், நேர்காணல்களைச் சுருக்கிக்கொண்டார். ஒரு படத்துக்கும் மறுபடத்துக்கும் இடையே லான் சேனி என்று ஒருவர் இல்லை என்பதே அவர் கொள்கை. ஓய்வுக் காலத்தில் சியர்ரா நெவாடா மலைப்பகுதிக்குச் சென்றுவிடுவார். அங்கே, பால் வில்லியம்ஸ் என்னும் புகழ்பெற்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த கல்வீடு ஒன்றையும் கட்டிக்கொண்டார்.

அவர் உதவியை நினைவுகூர்ந்தோர் பலர். படப்பிடிப்பு முடிந்து நடந்து சென்றுகொண்டிருந்த துணை நடிகர் ஒருவரைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு, பிறர் செய்ய முடியாத அல்லது செய்ய விரும்பாத ஒன்றைக் கண்டுபிடித்து அதனைச் செய் என்று அறிவுரை கூறினாராம். அந்தத் துணை நடிகரே பிற்காலத்தில் 1931ஆம் ஆண்டின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தால் புகழ்பெற்ற போரிஸ் கார்லாஃப். இதனைக் கூறியவரும் அவரே.

மௌனத்தின் மறுபக்கம்

எனினும், மௌனத்துக்கு இரு முகங்கள் உண்டு. உள்ளத்தைத் திறந்து காட்டும் மௌனம் ஒன்று. உண்மையை மூடி மறைக்கும் மௌனம் மற்றொன்று. முன்னதில் ஈடிணையற்றவரான சேனி, பின்னதையும் கையாண்டார் என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

குரலிழந்து பிரிந்த முதல் மனைவியை அவர் மன்னிக்கவில்லை. உன் தாய் இறந்துவிட்டாள் என்றே மகனிடம் சொல்லப்பட்டிருந்தது. தாய் உயிரோடிருக்கிறார் என்பது, தந்தை இறந்த பின்னரே மகனுக்குத் தெரியவந்ததாகக் கூறப்படுகிறது. பேச இயலாத தாயின் உள்ளத்தைக் கண் பார்வையிலேயே படித்த மகன், தம் பிள்ளைக்கு ஒரு தாயை இல்லாமற் செய்தார்! ஊனமுற்றோர் பால் திரையில் அத்துணை இரக்கம் காட்டியவருக்கு, உடைந்துபோன ஒரு பெண்பால் அந்த இரக்கம் ஏன் சுரக்கவில்லை? கணவன் மனைவியர் பிரிவில் பிள்ளைகள் படும் பாட்டுக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. பிறருக்காகக் கண்ணீர் சிந்துவது எளிது. தம்மைப் புண்படுத்தியவருக்காகச் சிந்துவதே அரிது.

மகன் படத் தொழிலுக்கு வருவதையும் சேனி விரும்பவில்லை. தந்தையின் மறைவுக்குப் பின், 1932இல் சொந்தப் பெயருடனேயே கிரெய்ட்டன் நடிக்க வந்தார். 1935 முதல் தந்தையின் பெயரையே சூட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. 'லான் சேனி ஜூனியர்' என்ற பெயரில் 1941இல் 'தி உல்ஃப் மேன்' படத்தால் அவரும் புகழடைந்தார், 1973இல் மறைந்தார்.

பேச்சு வந்தது, குரல் போயிற்று

1927ஆம் ஆண்டு அக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்' வெளிவந்து பேசும் பட யுகம் பிறந்தது. மூன்றாண்டுகளுக்குள் மௌனப்படம் வழக்கொழிந்தது. இதனால் வாழ்விழந்த நடிகர்களைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். ஆனால் இழப்புக்குள்ளான மற்றொரு கூட்டத்தாரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மௌனப்படக் கொட்டகையில் காது கேட்பவரும் கேளாதவரும் சமமாக அமர்ந்திருந்தனர். எழுத்து அட்டை இருவருக்கும் ஒன்றே. திரை பேசத் தொடங்கிய நாளில் காது கேளாதோருக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டது. அவர்களுக்கென எழுத்து வடிவ வசனத்துடன் படங்கள் வழங்க அமெரிக்காவில் சட்டம் இயற்றப்பட்டது 1958இல்தான்.

சேனியும் பேசும் படத்துக்கு உடனே உடன்படவில்லை, நெடுநாள் தயங்கினார். இறுதியில் இணங்கி, தாம் 1925இல் நடித்த 'தி அன்ஹோலி த்ரீ' என்னும் மௌனப்படத்தின் பேசும் வடிவத்தில் நடித்தார். அதில் கிழவி, கிளி, பொம்மை உட்பட ஐந்து குரல்களில் பேசினார். அக்குரல்கள் யாவும் தம்முடையனவே என்று உறுதிமொழிப் பத்திரத்திலும் கையெழுத்திட்டார். ஆயிரம் முகம் கொண்டவர் ஆயிரம் குரலும் கொண்டவர் என்று ஏடுகள் புகழ்ந்தன. 1930ஆம் ஆண்டு ஜூலையில் அப்படம் வெளிவந்தது.

ஆனால் அதற்குள் புற்றுநோய் அவரைப் பற்றியிருந்தது. நோய் முற்றி, இறுதி நாள்களில் தொண்டை அடைத்துப் பேச்சு நின்றது. தமக்கு வேண்டியவற்றைக் கைச்சாடையால் கேட்டார்! தாயின் கட்டிலருகே கற்ற மொழியே, தாம் கட்டிலில் கிடந்தபோது துணை நின்றது. 1930ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள், 47ஆம் வயதில் உயிர் நீத்தார். அவர் பேசி நடித்த படம் அது ஒன்றே. அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்ட நேரத்தில் படப்பிடிப்பு நிலையங்கள் மௌனம் காத்து அஞ்சலி செலுத்தின. அவர் அடங்கிய இடத்தில் பெயர்கூடப் பொறிக்கப்படவில்லை.

எஞ்சி நிற்பவை

சேனி நடித்த படங்கள் 150க்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பகுதி அழிந்துவிட்டன. 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' என்னும் 1927ஆம் ஆண்டுப் படத்தின் கடைசிப் பிரதி, 1965இல் எம்.ஜி.எம். நிறுவனக் கிடங்கில் நேர்ந்த தீவிபத்தில் எரிந்ததாகக் கருதப்படுகிறது. 1957இல் அவருடைய வாழ்க்கையே படமாயிற்று. ஜேம்ஸ் காக்னி அவராக நடித்தார். 1994இல் மௌனப்பட நடிகர்கள் பதின்மருக்கு அமெரிக்க அஞ்சல் துறை வெளியிட்ட தலைகளுள் சேனிக்கும் ஒன்று உண்டு. எளிய அந்த ஒப்பனைப் பெட்டி லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

புகழும் படச்சுருளும் அழியக்கூடியவை. ஆனால் ஒரு நடிகரின் கதையிலிருந்து ஒரு குடும்பம் கற்றுக்கொள்ளத்தக்கது ஒன்று எஞ்சி நிற்கிறது. காது கேளாத குழந்தை பிறந்த வீட்டில் இன்றும் நாம் என்ன செய்கிறோம்? அக்குழந்தை எப்போது பேசும் என்று ஏங்குகிறோம். பேசவில்லையே என்று விருந்தினர் கண்ணில் படாமல் மறைக்கிறோம். அதன் மொழியை நாம் கற்றுக்கொள்ளலாம் என்பது நம்முள் எத்தனை பேருக்குத் தோன்றுகிறது?

கென்னடி தம் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைக் கட்டினார்; பேரன் தம் தாய்க்காகத் தம் உடலையே ஒரு மொழியாக்கினார். குறை என்று உலகம் ஒதுக்கியதிலிருந்து அந்தக் குடும்பம் ஒரு கல்விக்கூடத்தையும் ஒரு பெருங்கலையையும் ஈன்றெடுத்தது. கேட்கும் செவியும் பேசும் நாவும் வாய்த்த நாம், வீட்டில் பேசாதிருக்கும் ஒருவரின் முகத்தை நாளொன்றுக்குச் சில நிமிடங்களேனும் கூர்ந்து பார்த்தால் போதும். அங்கே நமக்குச் சொல்லப்படாமல் காத்திருக்கும் செய்திகள் பல இருக்கும்.